45 பவுண்டும் 45 கோடி டாலரும்

ஒரு பொருளின் விலை வேறு, மதிப்பு வேறு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆயின், ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் விடை எளிதன்று. அரிசியின் விலையில் உழவனின் உழைப்பும் நிலமும் நீரும் வண்டிக்கூலியும் அடங்கியுள்ளன என்று கணக்குக் காட்டலாம். நகைக்குப் பொன்னின் எடையும் செய்கூலியும் சேதாரமும் உண்டு. ஓவியத்திற்கு அவ்வாறு கணக்குக் காட்ட இயலுமா? பலகையும் வண்ணமும் சிறுதொகைக்குள் அடங்கிவிடும். ஓவியன் செலவிட்ட நாட்களைக் கூலியாகக் கணக்கிட்டுச் சேர்த்தாலும் தொகை பெரிதாக உயராது. அங்ஙனமிருக்க, ஓர் ஓவியம் 45 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று எனில், வாங்கியவர் எதை வாங்கினார் என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும்.

இதுவரை ஏலத்தில் மிக அதிக விலை பெற்ற அந்த ஓவியத்தின் பெயர் 'சால்வதோர் முந்தி'. 'உலக மீட்பர்' என்பது அதன் பொருள். வால்நட் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. இரண்டடிக்குச் சற்று மிகுந்த உயரமும் ஏறத்தாழ ஒன்றரை அடி அகலமும் உடையது. ஏசுநாதர் வலக்கையை உயர்த்தி ஆசி வழங்குகிறார். இடக்கையில் பளிங்குக் கோளம் ஒன்றைத் தாங்கியுள்ளார். 1958ஆம் ஆண்டு இலண்டனில் சோத்பீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் இது 45 பவுண்டுக்கு விலை போயிற்று. அப்போது அதன்மேல் பிற்காலத்தார் பூசிய வண்ணம் படிந்து முகமே மாறிப்போயிருந்தது. லியொனார்டோ டா வின்சியின் வழிவந்த ஒருவர் வரைந்தது என்றே கருதினர். 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கலைப்பொருள் வணிகர் இருவர் 1,175 டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்தனர்.

பின்னர் டயான் மொடெஸ்டினி என்னும் அம்மையார் பல ஆண்டுகள் உழைத்து மேற்பூச்சை நீக்கினார், விரிசல் கண்ட பலகையைச் சீர் செய்தனர், அழிந்துபோன இடங்களை அவர் நிரப்பினார். பூச்சு நீங்கியபோது, ஆசி வழங்கும் கையில் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டைவிரல்கள் தெரிந்தனவாம்! ஓவியர் முதலில் ஓரிடத்தில் வரைந்து, மனம் மாறி வேறிடத்தில் வரைந்திருக்கிறார். பிறர் ஓவியத்தைப் பார்த்து நகலெடுப்பவனுக்கு விரலை எங்கே வைப்பது என்ற தயக்கம் எழுவதில்லை. தன் மனத்தில் தோன்றுவதை வரைபவனே இடம் மாற்றிப் பார்ப்பான். இது லியொனார்டோவின் கைவண்ணமே என்று கூறியோர் காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. 2011இல் இலண்டன் தேசிய ஓவியக் கூடம் அதனை லியொனார்டோவின் படைப்பாகவே காட்சிக்கு வைத்தது. 2013இல் ரஷ்யச் செல்வர் திமித்ரி ரிபலோவ்லெவ் 12 கோடியே 75 இலட்சம் டாலர் கொடுத்தார். 2017 நவம்பர் 15ஆம் நாள் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தார் ஏலம் விட்டபோது ஏறத்தாழ 19 நிமிடங்களில் கேள்வி 40 கோடியைத் தொட்டது. ஏல நிறுவனத்தின் கட்டணமாகிய 5 கோடியே 3 இலட்சமும் சேர்ந்து 45 கோடியைத் தாண்டிற்று. அந்தக் கட்டணத் தொகையை மட்டும் சற்று எண்ணிப் பாருங்கள்.

அறிஞர்கள் இன்றும் ஒருமித்த கருத்தினர் அல்லர். லியொனார்டோவே வரைந்தது என்பார் சிலர். அவருடைய பட்டறையில் மாணாக்கர் வரைய அவர் சில இடங்களில் மட்டும் கைவைத்தார் என்பார் வேறு சிலர். ஆக, பலகை ஒன்றே. அதற்கு இட்ட பெயரே மாறியது. ஓவியம் அழகிய ஓவியமாக இருப்பதற்குப் பெயர் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

இவ்வினாவை மேலும் கூர்மையாக்கும் நிகழ்ச்சி ஒன்று ஹாலந்து நாட்டில் நடந்தது. ஹான் வான் மீகரன் என்ற ஓவியர், 17ஆம் நூற்றாண்டின் மேதையாகிய வெர்மீரின் பாணியில் தாமே ஓவியம் வரைந்து, பழமை தோன்றும்படி சூட்டில் வாட்டி, வெர்மீரின் படைப்பென்று விற்றார். 1937இல் வெளிவந்த 'எம்மாவுஸ் விருந்து' என்ற படத்தைக் கண்டு, அத்துறையில் பெரும்பெயர் பெற்ற ஆபிரகாம் பிரெடியஸ் மெய்மறந்து போற்றினார். ராட்டர்டாம் நகரின் பாய்மன்ஸ் காட்சிக்கூடத்திற்காக ஐந்து இலட்சம் கில்டருக்கு மேல் கொடுத்து அதை வாங்கினர். போர் முடிந்ததும் 1945இல், நாட்டின் செல்வமாகிய வெர்மீர் ஓவியத்தை நாஜித் தலைவர் கோரிங்கிற்கு விற்றார் என்ற குற்றத்திற்காக வான் மீகரன் கைதானார். துரோகிப் பட்டத்திலிருந்து தப்ப, அது தாம் வரைந்த போலி என்றார் அவர்! நம்பாதவர்களின் முன்னிலையில் இன்னொன்றையும் வரைந்து காட்டினார். 1947இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்குமுன் அவ்வாண்டின் இறுதியிலேயே இறந்துபோனார்.

நேற்று வரை கண்ணீர் மல்கப் பார்த்த படத்தை மறுநாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை எனில், பார்த்தது கண்ணா, காதா? இவ்வாறு கேட்டு நகைத்துவிடலாம். ஆனால் நாம் அவ்வளவு எளிதில் நகைக்க மாட்டோம். பாட்டி ஏற்றிய குத்துவிளக்கும் நேற்றுக் கடையில் வாங்கிய குத்துவிளக்கும் எடையிலும் வடிவிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் பேரப்பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல. யார் கை பட்டது, எக்காலத்தது என்பதெல்லாம் பொருளின் பகுதியே. வெர்மீர் முன்னோர் காணாத ஒளியைக் கண்டு தீட்டினார். வான் மீகரன் வெர்மீரைக் கண்டு தீட்டினார். முன்னது கண்டுபிடிப்பு, பின்னது ஏமாற்று. எனவே பெயருக்கு மதிப்புண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெயரை மட்டுமே பார்த்துப் படத்தைப் பார்க்க மறப்பதுதான் நம்மை உறுத்துவது.

வகுப்பறையில் நாம் கண்ட உண்மை ஒன்றை இங்கே கூறலாம். ஆசிரியப் பயிற்சியில் காட்சிக்கருவிகளைக் கையாளும் முறை கற்பிக்கப்பட்டது: படத்தை முதலில் காட்டு, மாணவர் பார்க்கட்டும், பிறகு பேசு என்பது விதி. புகழ்பெற்ற ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தைக் காட்டிப் பேசாதிருந்தால், குழந்தைகள் கைகளைப் பார்ப்பார்கள், பின்னால் ஓடும் ஆற்றைப் பார்ப்பார்கள், "அந்த அம்மா சிரிக்கிறாங்களா, இல்லையா டீச்சர்?" என்று கேட்பார்கள். இது பல இலட்சம் பெறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாலோ, எல்லாக் கண்களும் அந்த இலட்சத்தைத்தான் தேடும். ஆற்றை ஒருவரும் பார்ப்பதில்லை.

இனி, இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. வாங்கியவன் தன் உடைமையை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

வின்சென்ட் வான் கோ 1890 ஜூன் மாதத்தில், தமக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் காஷேயின் உருவத்தை வரைந்தார். கன்னத்தில் கையூன்றி, துயரம் தோய்ந்த பார்வையோடு அமர்ந்திருக்கும் உருவம் அது. அடுத்த மாதமே ஓவியர் மறைந்தார். அவர் தம்பியின் மனைவி ஜோஹன்னா 1897இல் அதை 300 பிராங்குக்கு விற்றார். பின்னர் பிராங்பர்ட் நகரின் ஸ்டேடல் காட்சிக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு இருந்ததை 1937இல் நாஜி அரசு பறித்துக்கொண்டது. கை பல மாறி அமெரிக்கா சேர்ந்த அந்தப் படத்தை 1990 மே 15 அன்று ஜப்பானியத் தொழிலதிபர் ரியோய் சைதோ 8 கோடியே 25 இலட்சம் டாலருக்கு வாங்கினார். அதுவரை எந்த ஓவியமும் ஏலத்தில் அவ்விலை பெற்றதில்லை. தாம் இறக்கும்போது அந்த ஓவியத்தையும் தம் உடலோடு சேர்த்து எரித்துவிட வேண்டும் என்று அவர் கூறியதாகச் செய்தி வந்தபோது உலகமே திடுக்கிட்டது. பற்றின் மிகுதியால் சொன்ன சொல் அது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. 1996இல் அவர் மறைந்தார், ஓவியம் எரியவில்லை. ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு வரவுமில்லை. 2019இல் ஸ்டேடல் காட்சிக்கூடத்தார் வான் கோ கண்காட்சி நடத்தியபோது, அந்தப் படம் ஒரு காலத்தில் பொருந்தியிருந்த சட்டத்தை மட்டும் வெறுமையாகத் தொங்கவிட்டனர்.

சட்டம் படித்தவரைக் கேட்டால், அவர் பணம் அவர் பொருள் என்றே பெரும்பாலும் கூறுவார். அறத்தைக் கேட்டால் அவ்வளவில் முடிவதில்லை. உணவை வாங்கியவன் உண்டு தீர்ப்பதற்காகவே வாங்குகிறான். தீர்வதே அதன் பயன். ஓவியமோ பார்ப்பதால் தேய்வதில்லை. ஆயிரம் பேர் பார்த்தபின் ஆயிரத்தோராவது ஆளுக்கு அது குறைந்து கிடைப்பதில்லை. பிறருக்குக் கொடுத்தாலும் தனக்குக் குறையாத ஒன்றைப் பூட்டி வைப்பவன் எதைக் காக்கிறான்? மேலும், சைதோவிடம் அந்தப் படம் இருந்தது ஆறே ஆண்டுகள். வாங்கியவன் வாழ்நாளோ சிறிது. படத்தின் வாழ்நாள் நெடிது. அவனை உடையவன் என்பதைவிட வழியில் சிறிது காலம் சுமந்தவன் என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

இதற்கு மறுப்பும் உண்டு. பணம் படைத்தோர் வாங்கிப் போற்றியதால்தானே பல ஓவியங்கள் அழியாது நின்றன என்பர். உண்மையே, அந்த நன்றியை மறக்க வேண்டியதில்லை. செல்வர் பலர் தம் சேகரிப்பைக் காட்சிக்கூடங்களுக்குக் கொடுத்தும் இருக்கின்றனர்.

நெதர்லாந்து நாடு வேறொரு வழியைக் கைக்கொண்டது. ரெம்பிராண்ட் 1636இல் வரைந்த 'கொடி ஏந்துபவர்' என்ற ஓவியம் பிரான்சில் ராத்ஸ்சைல்டு குடும்பத்தாரிடம் இருந்தது. அதை 17 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு வாங்கினர். அதில் 15 கோடி அரசின் பணம். அத்தொகையைக் கொண்டு வாழும் கலைஞர்களைத் தாங்கக்கூடாதா என்று அந்நாட்டிலேயே குரல் எழுந்தது. எழ வேண்டியதுதான், மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் எதற்கும் அக்கேள்வி பொருந்தும். நமக்கும் அதில் மனம் இருபுறமும் சாய்கிறது. ஆனால், வாங்கியவர்கள் செய்த முதற்செயல் குறிப்பிடத்தக்கது. 2022இல் தொடங்கி அந்நாட்டின் 12 மாநிலங்களுக்கும் அதைக் கொண்டு சென்று மக்களுக்குக் காட்டினர். அதன் பின்னரே ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் காட்சிக்கூடத்தில் நிலையாக வைப்பது என முடிவாயிற்று.

'உலக மீட்பர்' கதை அவ்வாறு செல்லவில்லை. ஏலத்தில் சவூதி இளவரசர் பதர் பின் அப்துல்லாவின் பெயர் வெளிவந்தது. அபுதாபியின் பண்பாட்டுத் துறை அதனைப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் லூவ்ர் அபுதாபி காட்சிக்கூடத்தில் திறந்து வைப்பதாகச் சொல்லி, காரணம் கூறாது தள்ளி வைத்தனர். 2019இல் லியொனார்டோ மறைந்து 500 ஆண்டு நிறைந்ததை ஒட்டிப் பாரிஸ் லூவ்ரில் பெருங்கண்காட்சி நடந்தது. அதற்காவது வரும் என்று எதிர்பார்த்தனர், வரவில்லை. அதே உருவத்தை லியொனார்டோவின் பட்டறையில் வரைந்ததாகக் கருதப்படும் வேறொரு படம் அங்கே வைக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் அதன்முன் நின்று, உயர்த்திய கையையும் பளிங்குக் கோளத்தையும் பார்த்துச் சென்றார்கள்.