வாசியில்லாக் காசு

"அவன் பார்த்துப்பான், நேரம் வரணும்" என்ற சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்காதவர் குறைவு. அதன் எடை யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. நோயாளி சொன்னால் நம்பிக்கை. பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கக் கிளம்பினால், அதற்கு வேறு பெயர்.

நோயாளியின் இடத்தில் இருந்து காத்திருந்தவர் அப்பர். அந்தச் சைவ அடியாரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைக்கச் செய்தான் பல்லவ மன்னன். ஏழு நாள். ஈசன் நினைவிலேயே அவர் அமர்ந்திருந்ததாகவும், திறந்து பார்த்தபோது ஊனமின்றி இருந்ததாகவும் சேக்கிழார் பாடுகிறார். வெந்தாலும் வேகாவிட்டாலும் அது அவருடைய உடல். தெய்வம் வரும் வேளைக்குக் காத்திருக்கும் உரிமையும் அவருடையதே.

அதே அப்பர், குழந்தை அடியாரான சம்பந்தரோடு திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்தது, காவிரி சுருங்கியது, பஞ்சம் வந்தது. இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, "காலத்தின் கொடுமையால் நீங்கள் வாடமாட்டீர்கள், ஆனாலும் உங்களை அண்டியவர்களுக்காகத் தருகிறோம்" என்ற பொருளில் பேசியதாகக் கதை. மறுநாள் முதல் கோயிலின் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒரு காசு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒரு காசு. இருவரும் தங்கிய இரண்டு மடத்திலும் உலை ஏறியது. உண்ண வாருங்கள் என்று இரண்டு பொழுதும் பறை அறைவித்தார்கள்.

கிடைத்தது அன்றன்றைக்கான காசு. மூட்டை மூட்டையாக நெல் வந்து இறங்கவில்லை. பஞ்சமும் அன்றே தீர்ந்துவிடவில்லை. நாளைய காசு நாளைக்குத்தான். இங்கே நம்பிக்கைக்கு வேலை இருக்கிறது: கையிருப்பு இல்லாமலே இன்று வந்த அத்தனை பேருக்கும் இலை போட வேண்டும். "நாளைக்கு என்ன செய்வது?" என்று பதறுகிறவன் இன்றைய அரிசியில் பாதியை ஒளித்துவைப்பான். மன அமைதியின் உண்மையான பயன் அந்தப் பாதி அரிசியும் பானைக்குள் போவதுதான்.

ஆனால் சம்பந்தர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சாப்பாடு; தம் மடத்தில் தாமதம். ஏன் என்று சமையல்காரர்களைக் கேட்டார். தங்களுக்குக் கிடைக்கும் காசுக்குக் கடையில் வாசி, அதாவது வட்டம், கேட்கிறார்கள். அப்பர் காசு வட்டமில்லாமல் செல்கிறது என்றார்கள். அப்பர் கையால் கோயில் புல் செதுக்கும் உழவாரத் தொண்டு செய்கிறவர், அதனால்தான் என்று உணர்ந்த சம்பந்தர் கோயிலுக்குப் போய், வாசி தீர்த்துக் காசு தரும்படி இறைவனையே கேட்டுப் பதிகம் பாடினார். அந்தக் குழந்தைக்கு இருந்த துணிச்சல் பெரியது. தெய்வம் கொடுத்த காசில் குறை சொல்வதா என்று அவர் தயங்கவில்லை. "எல்லாம் அவன் குறித்த நேரம்" என்று அந்தத் தாமதத்துக்கு ஒரு தத்துவமும் கட்டவில்லை. காத்திருந்தது அவர் வயிறு மட்டுமல்லவே, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் வயிறும்தான்.

ஒரு மறுப்பு எழலாம். கேட்டால்தான் கொடுப்பான் என்றால் நம்பிக்கை எங்கே? கேட்பது அவநம்பிக்கை ஆகாது. கொடுப்பவன் இருக்கிறான் என்று நம்புகிறவன்தானே போய்க் கேட்பான்? வடலூரில் 1867இல் பசித்தவர்களுக்குச் சோறிடத் தருமசாலை தொடங்கிய வள்ளலார், அருளுக்காக ஏங்கிப் பாடிக்கொண்டே இருந்தவர். அந்த ஏக்கம் தீரும்வரை அடுப்பு மூட்டாமல் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி அடங்க மறுக்கிறது. முதல் காசு பீடத்தில் விழுவதற்கு முந்தைய நாள்களில் பசித்துக் கிடந்தவர்களுக்கு "அவன் குறித்த நேரம்" என்ற கணக்கு எப்படிப் பொருந்தும்? கிழக்குப் பீடத்தில் நின்று பார்த்தாலும் மேற்குப் பீடத்தில் நின்று பார்த்தாலும் விடை தெரியவில்லை. சம்பந்தர் மடத்துச் சமையல்காரர்கள் இதை யோசித்திருப்பார்களோ என்னவோ. மறுநாள் காசு வட்டமில்லாமல் செல்லுபடியானதும், உச்சிப் பொழுதுக்குள் சோறு வடித்தாக வேண்டும் என்று அவர்கள் கடையிலிருந்து விரைந்திருப்பார்கள்.