விதி தீட்டும் நிறம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நிற்கும் ஓர் ஆலை சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா, வெள்ளையா என்பது அதன் மதில் சுவரைப் பார்த்தால் தெரியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில்தான் அது இருக்கிறது. வாரியம் 2016-இல் திருத்தி வெளியிட்ட கணக்கில் மாசுக் குறியீடு 60-ஐத் தொட்டால் சிவப்பு என்றிருந்தது. 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, அதற்குக் கீழே வெள்ளை. பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் தொழில் சிவப்பில் வருகிறது.

இத்தகைய நிறங்களை நிலப்படத்தில் ஏற்ற உதவும் இலவச மென்பொருள் க்யூஜிஐஎஸ். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிவைத்தது. ஒரு லேயருக்குக் கையால் நிறம் கொடுப்பது சிரமமில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை என்று வட்டம் வட்டமாக ஆலை, ஏரி, கால்வாய், சர்வே எண் எல்லாம் தனித்தனி லேயராகக் குவியும்போது பைத்தானில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிவிடுகிறார்கள். அது லேயரின் பெயரைப் படிக்கும், சேமித்து வைத்த ஸ்டைல் கோப்பை அதன்மேல் ஏற்றும், அட்டவணையில் உள்ள எண்ணைப் பார்த்து நிறம் பிரிக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை நொடிகளில் முடியும். யாரும் கைவைக்காமல் படம் தானே அமைந்ததுபோல் இருக்கும்.

வினை நடந்துவிட்டது. செய்தவர் யார்?

தமிழ் மண்ணில் இது பழைய வழக்கு. வஞ்சி நகரில் மணிமேகலை கேட்டறிந்த சமயங்களில் ஆசீவகமும் ஒன்று. பிறப்புகளை ஆசீவகர்கள் கருப்பு, கருநீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை என ஆறு நிறமாகப் பகுத்தார்கள். வருவதெல்லாம் ஊழின்படி வரும், மனித முயற்சியால் மாற்ற இயலாது என்பது அவர்கள் கொள்கை. சமணரோ வினையை நுண்ணிய பொருளாகவே கண்டார்கள். அது உயிரில் தானே ஒட்டும், தானே பயன் தரும். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டாரின் மரபு இதை ஏற்கவில்லை. வினை அறிவற்றது, செய்தவனைத் தேடிப் பிடித்துப் பயனைச் சேர்க்க அதற்குத் தெரியாது, அறிவுடைய ஒருவன் அதைக் கூட்டிவைக்க வேண்டும் என்றது. சைவர் அங்கே இறைவனை நிறுத்தினார்கள். ஸ்கிரிப்டுக்குப் பின்னால் நிறுத்த வேண்டியது மனிதரை. “கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது” என்று கைவிரிப்பவர் ஆசீவகரின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

பள்ளிக்கூட இலக்கணமே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்றால் அவன் கல் சுமந்தான் என்று எவரும் கொள்வதில்லை. அவன் ஏவுதல் கருத்தா. சுமந்து அடுக்கியவர்கள் இயற்றுதல் கருத்தா. அங்கே இரு தரப்பும் மனிதர்கள். ஸ்கிரிப்டில் இயற்றும் பக்கம் ஆளே இல்லை. பொறுப்பு முழுவதும் ஏவியவரிடம் வந்து சேர்கிறது.

அவர் ஏவிய இடம் மிகச் சிறியதாக இருக்கலாம். க்யூஜிஐஎஸ்ஸில் 40–60, 60–100 என்று இரு வகுப்புகளை ஏறுவரிசையில் வைத்தால், சரியாக 60 பெற்ற ஆலை முதலில் பொருந்தும் கீழ் வகுப்புக்கே போகும். வாரியத்தின் 2016 கணக்கில் சிவப்பு, படத்தில் ஆரஞ்சு. பிழை என்று எந்தச் செய்தியும் வராது.

இன்னொன்றும் உண்டு. வாரியத்தின் நிறம் தொழில் வகைக்கு உரியது, தனி ஆலையின் நடத்தைக்கு அல்ல. கழிவை முறையாகச் சுத்திகரித்தாலும் ஈய ஆலை சிவப்புதான். இரவில் கால்வாயில் கழிவை விடும் பச்சை ஆலை பச்சைதான். எந்தத் தொழிலை எங்கே அனுமதிப்பது என்று முடிவெடுக்க இந்தப் பகுப்பு அவசியம். ஆனால் பக்கத்து ஊர் விவசாயி படத்தைப் பார்த்தால் பச்சையை நற்சான்றாகவே படிப்பார்.

இவற்றைவிடக் கனமானது, நிறமே பெறாத இடம். விதிவழி ஸ்டைலில் எந்த விதிக்கும் பொருந்தாத நிலம் வரையப்படுவதே இல்லை. அங்கே வெற்றுத் தாள்தான். தரையில் குடம் இல்லை என்று துணிய வேண்டுமானால், இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்றார்கள் தருக்க நூலார். படத்தில் காணவில்லை என்பது மண்ணில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு நேர்ந்தது இதுதான். மத்திய அரசு 1996-இல் ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பின்னர் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் காணாமல் போனது. 2017-இல் சூழல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே அதை வெளிக்கொண்டுவந்தார்கள். அதில் குற்றம் ஸ்கிரிப்டுடையது அல்ல. ஆனால் அப்படியொரு வெறுமையை ஒரே ஓட்டத்தில் நூறு தாள்களில் பரப்ப ஸ்கிரிப்டால் முடியும்.

எந்த விதியிலும் அடங்காதவற்றுக்கென்று தனி விதி சேர்க்க அந்த மென்பொருளிலேயே வழி இருக்கிறது. அதற்குக் கண்ணை உறுத்தும் நிறம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வகுப்பு எல்லைகளை முடிவு செய்தவர் பெயரும் ஆண்டும் படத்தின் ஓரத்தில் அச்சாக வேண்டும். நிலவகைப் பத்தியில் ஒரு சொல் மாறினால் போதும், அடுத்த ஓட்டத்தில் மேய்ச்சல் நிலம் தொழிற்பூங்கா நிறத்துக்கு மாறிவிடும். தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போனதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் போராடினார்கள். இப்படி மாறும் முன் இருந்த நிலை அழியாமலிருக்கப் பழைய லேயரைத் தேதியோடு தனிக் கோப்பாகச் சேமிக்க இரண்டு வரி நிரல் போதும். அந்த இரண்டு வரியை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஏவுபவரின் வினைதான்.