விலை கொடுத்த பின்னும்

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் செப்டம்பர் மாதம் பிறந்ததும் ஆப்பிள் தோட்டங்களின் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. டொராண்டோ நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய தோட்டங்கள் பல உள்ளன. இலையுதிர்கால விடுமுறை நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் தாத்தா பாட்டியருமாகக் குடும்பங்கள் அங்கே செல்கின்றன. வாயிலில் கட்டணம் செலுத்திப் பையொன்றைப் பெற்றுக்கொண்டு, டிராக்டர் இழுத்துச் செல்லும் வைக்கோல் வண்டியில் ஏறி, கனிந்த மரங்களின் வரிசையை அடைந்து, தம் கையாலேயே பழம் பறித்து நிரப்பிக்கொண்டு திரும்புகின்றனர். அமெரிக்காவின் நியூயார்க், மிச்சிகன் மாநிலங்களிலும் நியூ இங்கிலாந்துப் பகுதியிலும் இதே வழக்கம் உண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், பிற்காலத்தில் தமிழகத்திலிருந்து பணிக்காகச் சென்றோரும் இவ்வழக்கத்தைத் தமதாக்கிக்கொண்டனர். எனவே, சிவந்த கனிகளுக்கிடையே சிரித்தபடி நிற்கும் பேரப்பிள்ளைகளின் படங்கள் நம் பங்குகளின் இல்லங்களுக்கும் வந்து சேர்கின்றன.

மகிழ்ச்சி தரும் காட்சிதான் அது. ஆயினும், அக்காட்சிக்குள் பழமையானதோர் அறவினா ஒளிந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருள் முழுவதும் என்னுடையதாகிவிடுகிறதா? விலையோடு என் கடன் தீர்ந்துவிடுகிறதா?

இவ்வினாவை எழுப்புமுன், மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆப்பிள் என்றவுடன் ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியை நினைப்போர் நம்மில் பலர். தொடக்க நூலோ விலக்கப்பட்ட கனியின் பெயரைச் சொல்லவே இல்லை. இலத்தீன் மொழியில் தீமையைக் குறிக்கும் சொல்லும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிப்பது, மேலை நாட்டவரின் கற்பனையில் அப்பழி இக்கனியின்மேல் நிலைக்க ஒரு காரணமாயிற்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏதேன் தோட்டத்தில் இறைவன் மனிதனிடம் முதலில் பேசியது தடை அன்று, அனுமதி. தோட்டத்து மரங்களின் கனிகளை உண்ணலாம் என்பதே முதல் சொல்; ஒரு மரத்தைப் பற்றிய எல்லை அதன் பின்னரே வருகிறது (தொநூ 2:16-17). கனிமரத்தின் நிழலில் ஒரு குடும்பம் மகிழ்ந்திருப்பது இறைவனின் முதல் விருப்பத்தோடு இசைந்ததே. ஆனால் எல்லையும் அதே தோட்டத்தில்தான் இருந்தது.

இணைச் சட்ட நூலில் அழகியதொரு நெறி காணப்படுகிறது. அடுத்திருப்பவரின் திராட்சைத் தோட்டத்திற்குள் செல்பவர் விரும்பும் அளவு பழங்களை உண்ணலாம். கூடையில் போட்டு எடுத்துச் செல்லலாகாது (இச 23:24-25). வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு, கூடைக்கு அளவில்லை. நம் காலத்துத் தோட்டங்களிலோ கூடைக்கே கட்டணம் வாங்குகிறார்கள். அது குற்றமன்று, தோட்டக்காரரும் பிழைக்க வேண்டும். எனினும், கட்டணம் செலுத்திய கணத்தில் மனித மனத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. விருந்தாளியாக வந்தவர் உரிமையாளராகிவிடுகிறார்.

அம்மாற்றத்தின் தடயத்தை மரங்களின் அடியில் காணலாம். ஒரு கடி மட்டும் கடிக்கப்பட்ட பழங்கள் புல்தரையில் கிடக்கும். இந்த வகை இனிப்பா, அந்த வகை புளிப்பா என்று சுவைத்துப் பார்த்துவிட்டு வீசியவை அவை. உள்ளங்கையில் ஏந்திச் சற்றே உயர்த்தித் திருகினால் கனி தானாகக் கையில் வரும். வெடுக்கென்று இழுத்தால், அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய குறுங்கிளையும் உடன் முறிந்துவிடும். அவ்வாறு முறிந்தவையும் அங்கே கிடக்கும். வீட்டிற்குக் கொண்டுசென்ற பையில் பாதி, உண்பார் இன்றி அழுகிக் குப்பைக்குப் போவதும் உண்டு.

இதைச் சுட்டினால் வரும் மறுமொழியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. "நாங்கள் திருடவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தோம். இவ்வளவு வீணாகும் என்பதைக் கணக்கிட்டுத்தானே தோட்டக்காரர் விலை வைத்திருக்கிறார்? நாங்கள் பறிக்காவிட்டாலும் பாதிப் பழங்கள் உதிர்ந்து மட்கத்தான் போகின்றன. எங்கள் பிள்ளை வீசிய பழத்தால் பசியுற்ற எவருடைய உணவு குறைந்தது?" நேர்மையான வாதம்தான். நீதிமன்றத்தில் இதற்கு எதிராகத் தீர்ப்பு வழங்க முடியாது. ஆனால் மனச்சான்றின் முன் இது போதுமானதா?

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் உடைமையைப் பற்றி ஆராயும்போது இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். பொருளை ஈட்டவும் நிருவகிக்கவும் தனி மனிதருக்கு உரிமை உண்டு. அது முறையானது, தேவையானதும்கூட. ஆனால் பொருளைப் பயன்படுத்தும்போது, அதைத் தமக்கே உரியதாக அன்றி எல்லாருக்கும் பொதுவானதாகக் கருத வேண்டும். தேவையுறுவோரோடு பகிர ஆயத்தமாக இருக்க வேண்டும். இப்பிரிவினை வழியே நோக்கினால் மேற்கண்ட வாதத்தின் குறை புலப்படும். விலை கொடுத்ததால் நாம் பெற்றது முதல் உரிமை மட்டுமே. இரண்டாவதைக் குறித்து விலை எதுவும் சொல்வதில்லை. பணம் தோட்டக்காரரோடு நமக்குள்ள கணக்கை முடிக்கிறது. கனியோடும், கனியைத் தந்தவரோடும், கனி இல்லாதவரோடும் நமக்குள்ள உறவை அது முடிப்பதில்லை.

சொந்த உழைப்பால் மரத்தை நட்டவருக்கே அது முற்றுரிமை அன்று என்று பழைய ஏற்பாடு கூறுகிறது. நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணலாகாது. நான்காம் ஆண்டின் கனி ஆண்டவருக்குப் புனிதமானது. ஐந்தாம் ஆண்டில்தான் நட்டவர் உண்ணலாம் (லேவி 19:23-25). குழி தோண்டி நீர் வார்த்தவரே நான்கு ஆண்டுகள் கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்றால், கட்டணம் செலுத்தி இரண்டு மணி நேரம் உலவியவரின் உரிமையைப் பற்றி என்ன சொல்வது?

நற்செய்தியில் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். உணவு பற்றாக்குறையான நேரத்தில் அன்று, எல்லாரும் வயிறார உண்டு மிஞ்சிய நேரத்தில்தான், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு இயேசு சீடர்களைப் பணிக்கிறார் (யோவா 6:12). வேண்டுமளவு அப்பத்தைப் பெருக்க வல்லவர் துண்டுகளைப் பொறுக்கச் சொல்வானேன்? அங்கே எவரும் பசியோடு இல்லை. எவருடைய உணவும் குறையவில்லை. ஆகவே, வீணாக்குவதன் தீமை பற்றாக்குறையினால் மட்டும் வருவதன்று. கொடையைக் கொடையாக மதியாமையே அதன் வேர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், உற்பத்தியாகும் உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாவதைச் சுட்டி, உணவை எறிவதை ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பிட்டார். நம் ஊர்த் திருமண விருந்துகளின் எச்சில் இலைகளையும் இவ்வொளியில் பார்க்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கனியைப் பற்றிய கடன் இது. கனியைப் பறிக்கும் கைகளைப் பற்றிய கடன் ஒன்றும் உண்டு. அது இன்னும் கனமானது.

கோடையின் இறுதியில் வரும் குடும்பங்கள் காண்பது ஓராண்டு உழைப்பின் கடைசிப் பக்கத்தை மட்டுமே. பனி உறைந்த மாதங்களிலேயே மரங்களைக் கவாத்து செய்கிறார்கள். மே மாதத்தில் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நெருக்கமாகக் காய்த்த பிஞ்சுகளைக் களைகிறார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் மரங்கள் நிற்பதும் தற்செயல் அன்று. உயரமாக வளராத வேர்ச்செடிகளின்மேல் ஒட்டுக்கட்டி வளர்த்த மரங்கள் அவை. மெக்கின்டாஷ் என்னும் புகழ்பெற்ற வகையின் தாய்மரத்தை, ஒன்ராறியோவில் காட்டைத் திருத்தியபோது ஜான் மெக்கின்டாஷ் என்பவர் 1811-இல் கண்டெடுத்தார். அக்கனியின் விதையை நட்டால் அதே கனி கிடைக்காது. கிளையை வெட்டி ஒட்டுக்கட்டினால்தான் கிடைக்கும். அவ்வாறெனில், இன்று ஒரு சிறுமி பறிக்கும் மெக்கின்டாஷ் பழம், இரு நூற்றாண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்த கிளையின் கனி. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று ஆண்டவர் சமாரியாவில் சொன்னது (யோவா 4:37-38) இங்கே கண்கூடாகிறது.

பறிக்கும் வேலையும் பெரும்பாலும் குடும்பங்கள் செய்வதன்று. சந்தைக்குச் செல்லும் பழங்களைப் பறிப்போர் பலர் கடல் கடந்து வருகிறவர்கள். கனடா அரசு 1966-இல் ஜமைக்காவிலிருந்து பருவகால வேளாண் தொழிலாளர்களை வரவழைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1974-இல் மெக்சிக்கோவும் அதில் சேர்ந்தது. அத்திட்டத்தின்கீழ் வருவோர் ஓராண்டில் அதிக அளவாக எட்டு மாதங்கள் பணிபுரியலாம். பின்னர்த் தம் நாடு திரும்ப வேண்டும். மனைவி மக்களை உடன் அழைத்துவர இத்திட்டம் வழிசெய்வதில்லை. மார்பில் பறிப்புப் பை தொங்க, ஏணியில் ஏறி இறங்கி, பழம் நசுங்காதபடி பெட்டியில் இறக்கி, மீண்டும் ஏறுவது அவர்களின் நாள் முழுவதற்குமான வேலை.

இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவர் குடும்பத்தோடு இருப்பதற்காகப் பழம் பறிக்கிறார். மற்றவர் குடும்பத்தைக் காப்பதற்காக அதனைப் பிரிந்து பழம் பறிக்கிறார். முன்னவர் தம் செயலுக்குக் கட்டணம் செலுத்துகிறார். பின்னவர் அதே செயலுக்குக் கூலி பெறுகிறார். செயல் ஒன்றே. ஒருவருக்கு அது விளையாட்டு, மற்றவருக்கு வயிற்றுப்பாடு.

இது தொலைதூரக் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நுவரெலியாவிலும் மூணாறிலும் சுற்றுலாப் பயணிகள் கொழுந்து பறிப்போரின் உடை அணிந்து, முதுகில் கூடை மாட்டிப் படம் எடுத்துக்கொள்கின்றனர். சற்றுத் தொலைவில், கிலோக் கணக்கை நிறைவு செய்யும் கவலையோடு கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் நிற்கின்றனர். படத்திற்காக ஐந்து நிமிடம் சுமக்கும் கூடை இனிமையானது. அதன் உண்மையான பாரம் மாலையில்தான் தெரியும்.

அப்படியானால், பிறர் உழைக்கும் இடத்தில் மகிழ்வது பாவமா? அன்று. விவிலியம் காட்டும் வழி வேறு. அறுவடை முடிந்தபின் கொண்டாடும் கூடாரத் திருவிழாவில் மகிழ்ச்சியாக இருக்குமாறு ஆண்டவர் கட்டளையிடுகிறார். ஆனால் அந்தக் கட்டளையிலேயே விருந்தினர் பட்டியலும் இருக்கிறது: மகன், மகள், பணியாளர், பணிப்பெண், லேவியர், அந்நியர், அநாதை, கைம்பெண் (இச 16:13-15). குடும்பம் அப்பட்டியலின் தொடக்கம், முடிவன்று. உழைத்தவரும் ஊர் விட்டு வந்தவரும் இடம்பெறாத அறுவடை விழா, விவிலியப் பார்வையில் பாதி விழாவே. வேலையாள்களுக்குக் கொடுக்காது பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுவது (யாக் 5:4) அவ்விழாவின் மறுபக்கம்.

இதனால் நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கூடையை வயிற்றின் அளவோடு பொருத்திப் பறிக்கலாம். கடித்த பழத்தைத் தின்று முடிக்குமாறு பிள்ளையிடம் அன்போடு சொல்லலாம். மிகுதியானதை அண்டை வீட்டாருக்கோ உணவு வங்கிக்கோ கொடுக்கலாம். சில தோட்டங்களில் தன்னார்வலர்கள் எஞ்சிய கனிகளைத் திரட்டி ஏழைகளுக்கு அனுப்புகின்றனர். ரூத்து பொறுக்கிய கதிர்களின் மரபு அது. ஏணிமேல் நிற்பவரைக் கண்டால் வணக்கம் சொல்லி, அவர் எவ்வூர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்கலாம். அவர் ஞாயிறு திருப்பலிக்கு வருபவராயின், நம் பங்கில் அவருக்கு இருக்கை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். மலிவு விலையை மட்டுமே தேடும் நம் பழக்கம், எங்கோ ஒருவரின் கூலியைக் குறைக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்பச் சொல்லித் தரலாம்.

இறுதியாக ஒன்று. கத்தோலிக்க இல்லங்களில் உணவுக்கு முன் சிலுவை அடையாளம் வரைந்து நன்றி கூறுகிறோம். அந்த அரிசியையும் மீனையும் காய்கனியையும் நாம் விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம். கடைக்காரருக்குப் பாக்கி ஏதுமில்லை. விலையோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றால், அந்தச் செபத்திற்குப் பொருளே இல்லை. நாள்தோறும் நாம் அதைச் சொல்வதே, விலை கொடுத்த பின்னும் நாம் கடன்பட்டவர்கள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்ததன் சான்று. செபத்தை வாயால் சொல்லும் நாம், கனியை வீணாக்காத கையாலும் பறித்தவரை மறவாத நெஞ்சாலும் அதைச் சொல்லி முடிப்போமாக.