பற்றாசு

அம்பு கையோடு வந்துவிட்டது. முனை வரவில்லை.

போடிமெட்டுக்கு மேலே மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் கொஞ்சம் சமதரை உண்டு. சாக்குக்குள் பழந்துணி திணித்துக் கட்டிய மூட்டைதான் அங்கே பாப்பாவுக்கு இலக்கு. மகள்வழிப் பேத்தி, பிளஸ் ஒன் படிக்கிறாள், வில் பிடித்து ஆறு மாதம் ஆகிறது. அன்றைக்கு அவள் காலை ஊன்றி இழுத்தபோது கறுப்புக் கார்பன் தண்டு மட்டும் வந்தது. வாய்ப்பக்கம் வெறும் ஓட்டை. அதற்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, மண்டை உள்ளயே நின்னுபோச்சு" என்றாள்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் காலத்து அம்பின் தண்டு உள்ளே கூடு. அதன் வாயில் ஓர் அங்குலத்துக்குள் அடங்குகிற அலுமினியக் குழல் ஒன்றைச் செருகி ஒட்டுவார்கள். இன்சர்ட் என்று பெயர். அதற்குள் மரை வெட்டியிருக்கும், முனையைத் திருகி மாட்டிக்கொள்ளலாம். முனைகளை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள். 100 கிரெயின் முனை ஆறரை கிராம் வரும். முக்கால் பவுனுக்குச் சற்று மேல். எங்கள் பழைய குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். கணக்கு இப்படி வந்து பொருந்தியதும் அது எனக்கு உறவுக்காரச் சரக்காகத் தோன்றிவிட்டது.

நான் பொன்வேலை செய்கிறவன். போடியில் நாற்பது வருஷமாகப் பட்டறை. மெஷினில் வார்த்த நகை வந்த பிறகு, கம்மல் திருகு மாற்றுவதும் அறுந்த செயினுக்குப் பொடி வைத்து ஊதுவதும்தான் மிச்சம். "ஒட்டுறதுதானே, அது நம்ம தொழிலு, குடு" என்று அம்புக் கட்டை வாங்கிக்கொண்டு மலையிறங்கினேன்.

பட்டறையில் செய்த முதல் காரியமே தப்பு. பாப்பா நொடியில் ஒட்டுகிற பசையைத் தடவியிருந்தாள். அது கண்ணாடிபோல இறுகும். மூட்டையில் மோதுகிற ஒவ்வொரு அடிக்கும் உள்ளுக்குள்ளேயே பொரிந்துகொண்டு வரும். பொரிந்த மிச்சம் தண்டின் உள்வாயில் அப்பிக் கிடந்தது. அதை இளக்க ஊதுகுழலை எடுத்துத் தீயைத் தண்டின்மேல் திருப்பினேன். பொன்னுக்கு நெருப்பு தாய்வீடு. கார்பன் தண்டோ மயிரிழை மாதிரியான நூல்களைப் பிசின் வைத்துப் பிடித்துச் செய்தது. பிசின் வெந்துபோனால் நூல் சும்மா நூல்தான். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. காதருகே வைத்து லேசாக வளைத்தேன், நறநறவென்றது. அப்படிப்பட்ட அம்பை நாணில் பூட்டினால் விடுகிறபோது சிதறிக் கையைக் கிழிக்கும். முறித்துப் போட்டேன். ஓர் அம்பின் விலையோடு என் தொழில் கர்வத்திலும் கொஞ்சம் போயிற்று.

அப்புறம்தான் பாப்பாவின் கோச்சுக்குப் போன் போட்டேன். சின்னப் பையன், 'ஐயா' போட்டுப் பொறுமையாகச் சொன்னான். அவன் சொன்னதில் பாதி எனக்குத் தெரிந்ததுதான். தண்டின் வாய் கோணலில்லாமல் மட்டமாக இருக்க வேண்டும், நுண்ணிய உப்புத்தாளில் நேராக நிறுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும், கார்பன் தூள் நெஞ்சுக்கு ஆகாது. உள்வாயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும், பஞ்சு கறுக்காமல் வெள்ளையாக வெளியே வருகிறவரை. இன்சர்ட்டின் வழவழப்பை உப்புத்தாளால் லேசாகச் சிராய்த்து அதையும் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. என்னிடம் வேலை பழகிய பையன்களிடம் நான் தொண்டை கிழியக் கத்தியதும் இதைத்தானே! வெண்காரம் போட்டு அழுக்கை விரட்டாவிட்டால் பொடி உருண்டு ஓடிவிடும், பிடிக்காது. இரண்டு பொருள் ஒட்டாமல் போனால் பொருளைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குற்றம் நடுவில் இருக்கிற கைப்பிசுக்கில்தான்.

மறுபாதி எனக்குப் புதுசு. அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வ ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. அவன் நாக் என்றான். பழைய தமிழில் குதை. அதைக் கழற்றிவிட்டுத்தான் இன்சர்ட்டைச் செருக வேண்டுமாம். ஏன் என்றேன்.

"உள்ள இருக்கற காத்து எங்கய்யா போகும்?"

பின்வாசல் அடைத்திருந்தால், உள்ளே நசுங்கிய காற்று பசை இறுகுமுன் இன்சர்ட்டை மெல்ல வெளியே தள்ளிவிடும். பார்க்கும்போது சரியாக உட்கார்ந்திருக்கும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு நூல் வெளியே வந்து நிற்கும். பசை தடவியபின் திருகிக்கொண்டே உள்ளே தள்ளினால்தான் சுற்றிலும் பரவும். பிதுங்கியதைத் துடைத்துவிட்டு, தலைகீழாக, முனை தரையைப் பார்க்க நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை தண்டுக்குள் வழிந்து ஒவ்வோர் அம்பும் ஒவ்வோர் எடையாகிவிடும்.

பதினோரு அம்பையும் கழற்றி, துடைத்து, சிராய்த்துப் பட்டறைச் சுவரோரம் சாத்தி வைத்தேன். கை சும்மா இருந்த அந்த ராத்திரியில்தான் பாகவதம் நினைவுக்கு வந்தது. பதினோராம் ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர் தமக்கு வாய்த்த 24 குருமார்களைச் சொல்கிறார். பூமி, காற்று, மலைப்பாம்பு, பிங்களை என்கிற தாசி என்று போகிற அந்த வரிசையில் அம்பு செய்கிறவன் ஒருவனும் உண்டு. பக்கத்தில் ராஜா போனதுகூடத் தெரியாமல் அம்பிலேயே மனம் தோய்ந்து கிடந்தானாம். பட்டறைக்காரன் ஒருவன் குரு ஆனதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. (வாடிக்கையாளர் வந்து நிற்பதைக் கவனிக்காமல் இருந்ததற்கு நானும் திட்டு வாங்கியிருக்கிறேன், யாரும் குரு என்று சொல்லவில்லை.) ஆனால் அவன் முனையை எப்படிப் பொருத்தினான், எதை வைத்து ஒட்டினான் என்ற பேச்சு அங்கே இல்லை.

முண்டக உபநிஷத்திலும் இல்லை. அதில் ஓங்காரம் வில், ஆன்மா அம்பு, பிரம்மம் இலக்கு. தப்பாமல் எய்து, அம்பைப்போல அதிலேயே ஒன்றாகிப் போ என்கிறது. உபந்நியாசத்தில் இதைக் கேட்கக் கேட்கச் சுகமாக இருக்கும். மூட்டையிலிருந்து அம்பு பிடுங்கிப் பார்த்தவனுக்குத்தான் இடறும். பாப்பாவின் பன்னிரண்டு அம்பில் இலக்கோடு ஒன்றாகிப் போனது ஒன்றே ஒன்று. அது சரியாக ஒட்டாத அம்பு. மற்ற பதினொன்றும் போய்த் தைத்தன, முழுசாகத் திரும்பி வந்தன, மறுபடி போயின. ஒன்றாகிப் போனதை நல்ல அம்பு என்பதா, திரும்பி வந்ததையா? ஆன்மா என்று சொன்னார்களே, அது முனையா, தண்டா, இரண்டுக்கும் நடுவிலிருக்கிற ஒட்டா?

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் ஒரு மனித உடல் கிடைத்தது. ஏட்ஸி என்று பெயர் வைத்தார்கள். வாழ்ந்தது சுமார் 5,300 வருஷத்துக்கு முன்னால். அவனுடைய அம்பறாத்தூணியில் 14 அம்புகள், அதில் வேலை முடிந்தவை இரண்டே. பிர்ச் மரப்பட்டையிலிருந்து காய்ச்சிய தார்தான் அவனுக்குப் பசை. பத்து வருஷம் கழித்து, 2001-ல், அவனது இடது தோளுக்குள் கல்முனை ஒன்று தைத்திருப்பதைப் படத்தில் கண்டார்கள். முனைதான் இருந்தது, தண்டு இல்லை. யாரோ பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள், தண்டு மட்டும் வந்திருக்கிறது. பாப்பாவின் கதைதான், மூட்டை இருந்த இடத்தில் மனிதன். அம்பு தைத்தவன் வைத்தியம் பார்க்காமல், எய்தவன் யார், தண்டில் சுற்றிய நரம்பு எந்த மிருகத்தினுடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தால் செத்துப்போவான் என்றார் புத்தர். வாஸ்தவம். தைத்தவனுக்கு வேண்டாத கேள்வி; செய்கிறவனுக்கு அதை விட்டால் வேறு கேள்வி இல்லை.

ஒட்டைப் பற்றிக் கடைசியில் எனக்குப் பேச்சுத்துணை கிடைத்தது திருவெண்ணெய்நல்லூரில். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தைச் சொன்னார். பன்னிரண்டே சூத்திரம். அத்வைதம் என்றால் 'ஒன்று' என்று பொருளில்லை, 'இரண்டாக நில்லாமை' என்பது அவர் கட்சி. கடவுளும் உயிரும் வேறு வேறுதான், ஆனால் பிரித்து எடுத்துக் காட்ட முடியாது. இதற்கு இரண்டாம் சூத்திரத்தில் அவர் வைக்கிற உவமைகளில் ஒன்று அரக்கும் கல்லும். பண்டிதர்கள் உரை எப்படியும் சொல்லட்டும். அரக்கை உருக்கித் தொட்டவனுக்கு அது படித்தவுடன் விரல் நுனியில் சுடும்.

பழைய மோஸ்தரில் கல்லுக்கம்மல் செய்யும்போது பொன்கூட்டுக்குள் அரக்கை நிரப்புவோம். அனல் காட்டினால் அரக்கு கண் திறந்தமாதிரி பளபளக்கும். அந்த நேரம் பார்த்துச் சாமணத்தால் கல்லை இறக்கி ஓர் அழுத்து. ஆறிவிட்டால் நகம் நுழையாது. கல் கல்லாகவே இருக்கிறது, அரக்கு அரக்காகவே இருக்கிறது. உள்ளே இருப்பது அரக்கா பொன்னா என்று சந்தேகப்பட்டுத் தராசையே முறைக்கிற அம்மாமார்கள் வேறு கதை. எனக்கு முக்கியம் என்னவென்றால், திரும்ப அனல் காட்டினால் அரக்கு விட்டுக்கொடுக்கும். கல்லுக்குக் கீறல் இல்லாமல் எடுத்துப் பேத்தி கம்மலுக்கு வைக்கலாம்.

கோச் பையன் இரண்டு பசை சொல்லியிருந்தான். ஒன்று, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்குகிற எபாக்ஸி. 24 மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அப்புறம் லேசில் விடாது. இன்னொன்று குச்சியாக வருகிற ஹாட் மெல்ட். உருக்கித் தடவ வேண்டும், சூட்டைத் தண்டுக்குக் காட்டாமல் உலோகத்துக்கு மட்டும் காட்ட வேண்டும். வேண்டாதபோது சூடுகாட்டிக் கழற்றிக்கொள்ளலாம். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது: பேண்ட் சட்டை போட்ட அரக்கு. குளிரில் மட்டும் சற்று நொறுங்கும் என்று எச்சரித்தான், மலையில் குளிருக்குப் பஞ்சமா?

பற்றை விடு என்று கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவர்கள் நாம். என் பிழைப்போ பற்றவைப்பது. இரண்டு பொன்னைச் சேர்க்கிற பொடிக்குப் பழைய பெயர் பற்றாசு. வீக்கத்துக்கு அரைத்துப் போடுவது பற்று. கடைக்காரர் நோட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கம் எழுதுவதும் பற்று. வள்ளுவரே துறவு அதிகாரத்தை முடிக்கும்போது, விடுவதற்காக ஒன்றைப் பிடி என்றுதான் முடிக்கிறார். பற்று வைக்காமல் ஒரு மூக்குத்திகூடச் செய்ய முடியாது. எந்தச் சூட்டுக்கும் இளகாத பற்றுதான் எனக்குப் பயம். சாவிலிருந்து என்னை விடுவி, வெள்ளரிப்பழம் காம்பை விடுகிறமாதிரி என்று ஒரு வேதமந்திரம் உண்டு. இந்த மலையில் அதைப் பாடியிருந்தால் ஏலக்காயைச் சொல்லியிருப்பார்கள். விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் போகிற பெண்கள் குனிந்து செடியடியில் சரத்தைத் தடவுவார்கள். விளைந்த காய் தொட்டால் வரும், பிஞ்சை இழுத்தால் தோல் கிழியும்.

இவ்வளவு யோசித்தவன் பதினொன்றையும் அரக்கில் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? குளிர் பயத்தில் ஆறை ஹாட் மெல்ட்டிலும் ஐந்தை எபாக்ஸியிலும் ஒட்டினேன். சித்தாந்தம் வேறு, பேத்தியின் அம்பு வேறு. எபாக்ஸி ஐந்தையும் மாப்பிள்ளை ஸ்டோரின் கதகதப்பில் ஒரு நாள் நிறுத்திவைத்தார். இன்னமும் அந்த ஐந்தில் ஏலக்காய் மணக்கிறது.

போன வாரம் பாப்பா கீழே வந்திருந்தாள். ஜூனில் விளையாட்டு விடுதிக்குப் போகிறாள். முன்பாரம் போதவில்லை, பித்தளை இன்சர்ட் மாற்றச் சொன்னார்களாம். டீக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாட் மெல்ட் அம்பு ஒன்றை முனைப்பக்கமாக அதில் முக்கி, நிதானமாக எண்ணிவிட்டுக் குறட்டால் பிடித்துத் திருகினேன். சத்தமில்லாமல் வந்தது. ஆறும் வந்தன. அவள் எபாக்ஸி அம்பு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இது வராதா தாத்தா?"

"வராது."

"அப்ப இது?"

"அது அப்படியே உன்கூட வரட்டும்."

அடுப்பைப் பார்த்தாள். "இந்தத் தண்ணியிலயே டீ போட்டுரவா?"

"கொட்டிட்டு வேற வையி, ஆத்தா" என்றேன்.