பேர் தெரியாத கொடிகள்

1980களில் ஸ்பெயினின் கத்தலோனியாவில் வட்டாரச் செய்தித்தாள்களில் ஒரு புதுமையான விளம்பரம் வந்தது. உங்கள் நிலத்தில் என்ன ரகம் என்று தெரியாத பழைய திராட்சைக் கொடி நிற்கிறதா, நின்றால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று அது உழவர்களைக் கேட்டுக்கொண்டது. விளம்பரம் கொடுத்தது தோரெஸ் குடும்பத்தின் ஒயின் நிறுவனம். பிரான்சின் மோன்பெலியே நகரில் திராட்சை இயல் படித்துவிட்டு ஊர் திரும்பிய மிகேல் தோரெஸ், அழிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த பழைய ரகங்களில் சில எங்காவது வேலியோரத்தில் மிஞ்சியிருக்கும் என்று நம்பினார். தகவல்கள் வந்தன. தேடல் இன்றுவரை நிற்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் கிடைத்திருக்கின்றன.

தன் தோட்டத்தில் நிற்கும் கொடியின் பேர் ஓர் உழவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? திராட்சை எப்படிப் பெருகுகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

திராட்சை விதையைப் போட்டால் தாய்க்கொடி திரும்ப வராது. முளைப்பது ஒவ்வொன்றும் புதுப் பிள்ளை. பழம் வேறு, புளிப்பு வேறு, சில சமயம் நிறமே வேறு. அதனால் பிடித்துப்போன கொடியைக் காக்க வழக்கமான வழி இதுதான்: முருங்கையைப் போத்து நடுவதுபோல, அதன் குச்சியை வெட்டி ஊன்றுவது. அது வளர்ந்ததும் அதிலிருந்து ஒரு குச்சி, பிறகு அதிலிருந்து ஒன்று. ஐந்நூறு வயதுள்ள ரகம் என்றால், எப்போதோ ஒருமுறை முளைத்த ஒற்றைச் செடியின் உடம்பு ஐந்நூறு ஆண்டுகளாகக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நெல்மணியைக் குதிருக்குள் சில காலம் கிடத்தி வைக்கலாம். திராட்சைக் குச்சிக்கு அப்படிப்பட்ட உறக்கம் கிடையாது. ஒரு தலைமுறை அதை ஊன்றாமல் விட்டுவிட்டால், நிற்கும் கொடிகள் முதிர்ந்து சாகும்வரைதான் அந்த ரகத்துக்கு ஆயுள்.

முற்காலத்தில் ஸ்பெயினின் தோட்டங்களில் ஒரே ரகம் வரிசைகட்டி நிற்கவில்லை. பலவும் கலந்தே நின்றன. வசந்தகால உறைபனியில் ஒன்று கருகினால் தாமதமாகத் துளிர்க்கும் இன்னொன்று தப்பிக்கும். ஒன்று நிறம் தரும், ஒன்று புளிப்பு தரும், ஒன்று வெறுமனே கூடையை நிரப்பும். எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்து ஒன்றாகவே மிதித்தார்கள். 1807இல் சிமோன் தெ ரோஹாஸ் கிளெமெந்தே என்ற தாவரவியலாளர், ஆந்தலூசியாவில் விளையும் திராட்சை ரகங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். திராட்சை ரகங்களை அறிவியல் முறைப்படி வகைப்படுத்திய முன்னோடி நூல்களில் அது முதன்மையானது. இலையின் அடிப்புறத்தில் மயிர் அடர்ந்திருக்கிறதா, இல்லையா என்பதைக்கூட அவர் தொட்டுப் பார்த்துப் பிரித்தார். அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் அவர் பதிவு செய்தவை 119 ரகங்கள். அதே ஆந்தலூசியாவில், ஷெர்ரி ஒயினின் ஊரான ஹெரெஸைச் சுற்றி இன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெரும்பாலும் பலோமினோ என்ற ஒரே ரகம்தான் நிற்கிறது.

இடையில் நடந்தவற்றில் எல்லோரும் அறிந்தது பூச்சியின் கதை. பிலோக்சேரா என்ற அந்த நுண்ணிய பூச்சி வட அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு ஐரோப்பாவுக்கு வந்தது. வேரை உறிஞ்சி, கொடியைச் சில ஆண்டுகளில் கொன்றுவிடும். 1878இல் மாலகாவில் அது தென்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் நாட்டின் பெரும்பகுதித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. தீர்வும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் நாட்டுக் குச்சியை ஒட்டுக்கட்டினார்கள்.

பூச்சி கொடிகளைக் கொன்றது உண்மை. ஆனால் ரகங்களைக் கொன்றதில் அதற்குப் பிறகு நடந்த தேர்வுக்கே பெரும்பங்கு என்று நான் நினைக்கிறேன். ஒட்டுக்கட்டும் ஒவ்வொரு முறையும் எந்தக் குச்சியை எடுப்பது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். கடன் வாங்கித் தோட்டத்தைப் புதிதாகப் போடுகிறவர் நிறையக் காய்ப்பதைத்தான் எடுப்பார். நாற்றங்கால்காரரும் அதிகம் விற்பதைத்தான் வளர்ப்பார். பாட்டன் காலத்தில் நாற்பதில் ஒன்றாக நின்ற ஒரு கொடிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கணக்கு இன்னும் இறுகியது. கூட்டுறவு ஒயின் ஆலைகளில் திராட்சைக்கு விலை வைத்த முறை எளிமையானது: எடையைச் சர்க்கரை அளவால் பெருக்கு, வரும் எண்ணுக்குப் பணம். இந்தத் தராசில் தாமதமாகப் பழுப்பது தோற்கும். புளிப்பு மிகுந்தது தோற்கும். சிறு குலை தோற்கும். சுவைக்கு அந்தத் தராசில் தட்டே கிடையாது. அப்படியும் பழைய ரகங்களை விடாமல் வைத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. பெரும்பாலும் அது பிடிவாதம்கூட இல்லை. வரிசையின் கோடியில் நிற்கும் கிழட்டுக் கொடியைப் பிடுங்குவது கூடுதல் வேலை, அவ்வளவுதான். நட்டவர் இறந்துபோனார், பேரும் அவரோடு போனது, கொடி மட்டும் நின்றது.

கலீசியாவின் வால்தியோர்ராஸில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சீல் ஆற்றங்கரையில் கற்பாறை மலைச்சரிவுகள் சூழ்ந்த பகுதி அது. அங்கே கோதெயோ என்ற வெள்ளைத் திராட்சை வழிவழியாக இருந்தது. பூச்சிக்குப் பிறகு, தெற்கிலிருந்து பலோமினோ அங்கேயும் வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் அதை ஹெரெஸ் என்றே அழைத்தார்கள். தெற்கின் வெயிலில், பீப்பாயில் பல ஆண்டு கிடந்து ஷெர்ரியாக மாறுவதற்கு அது ஏற்ற பழம். மழையும் குளிருமான கலீசியாவில் அது தந்தது சப்பென்ற ஒயின். ஆனால் கூடை கூடையாகத் தந்தது. 1970களில் கோதெயோ சில நூறு கொடிகளாகச் சுருங்கிவிட்டது. 1974இல் ஒராசியோ பெர்னாந்தெஸ், லூயிஸ் இதால்கோ என்ற இருவர் ‘ரெவிவல்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். வால்தியோர்ராஸின் தோட்டங்களைச் சீரமைக்கும் திட்டத்தின் சுருக்கப் பெயர் அது. எஞ்சிய கொடிகளைத் தேடி, நலமான குச்சிகளைத் தெரிந்து பெருக்கி, உழவர்களை நட வைத்தார்கள். கூடைகூடையாகக் காய்ப்பதைப் பிடுங்கிவிட்டுக் குறைவாகக் காய்ப்பதை நடச் சொல்லி ஓர் உழவரை இணங்க வைப்பது ஆய்வுக்கூட வேலையைவிடக் கடினமாக இருந்திருக்கும். இன்று ஸ்பெயினின் சிறந்த வெள்ளை ஒயின்களின் வரிசையில் கோதெயோவுக்கு உறுதியான இடம் இருக்கிறது. அண்டை வட்டாரங்களான பியர்சோவிலும் மொன்தெரெயிலும் அது விளைகிறது. அரிய ரகம் என்று இப்போது அதைச் சொல்ல முடியாது.

கண்டெடுத்த கொடி உண்மையில் எது என்று எப்படி அறிவது? இலையின் மடல்களையும் குலையின் வடிவையும் பார்த்தால் பாதி தெரியும். மீதியை மரபணு சொல்லும். மாட்ரிட் அருகே எல் என்சின் என்ற பண்ணையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கொடி மாதிரிகளைக் காத்து வருகிறார்கள். புதிதாகக் கிடைத்ததை இத்தகைய தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விடை எப்போதும் விரும்பியபடி வராது. அஸ்தூரியாஸ் மலையில் வெர்தெஹோ நெக்ரோ, கலீசியாவில் மெரென்சாவோ, போர்ச்சுகலில் பஸ்தார்தோ என்று அந்தந்த ஊர் தனக்கே உரியதென்று கொண்டாடிய மூன்றும், பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் விளையும் துரூசோ என்ற ஒரே ரகம். இதனால் யாருக்கும் மானக்கேடு இல்லை. ஊர் தன் மொழியில் பேர் வைக்கும் அளவுக்கு ஒரு கொடி அங்கே வாழ்ந்திருந்தால், அதைச் சொந்தம் கொண்டாட அந்த ஊருக்கு உரிமை உண்டு.

சில நேரம் விடை கடலைத் தாண்டிக் கொண்டுபோகும். சிலியில் பயிஸ், கலிபோர்னியாவில் மிஷன், அர்ஜென்டினாவில் கிரியோயா சிகா எனப்படும் பழைய சிவப்புத் திராட்சை, ஸ்பானியர் குடியேறிய காலத்தில் போனது என்று தெரியும். தாயகத்தில் அது எந்த ரகம் என்றுதான் நெடுங்காலம் தெரியவில்லை. 2007இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஒப்பீடு அதை லிஸ்தான் பிரியெத்தோ என்று காட்டியது. ஸ்பெயினின் பெருநிலத்தில் அது ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூச்சி அலை எட்டாத கேனரித் தீவுகளில் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

பேர் தெரிந்துவிட்டால் ஒயின் வந்துவிடாது. கிழட்டுக் கொடியின் உடம்பில் வைரஸ்கள் குடியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் திசு வளர்த்து அவற்றை நீக்க வேண்டும். பிறகு ஒட்டுக்கட்டி, சிறு பாத்தியில் வளர்த்து, சில குடுவை அளவே ஒயின் செய்து பார்க்க வேண்டும். பெரும்பாலானவை இங்கேயே தங்கிவிடும். தோரெஸ் கண்டெடுத்த ஐம்பதில், நல்ல ஒயினுக்குத் தகுதி என்று தேறியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை: கர்ரோ, கேரோல், மொனெவ், கோன்பவுஸ், பிரெனே, வெள்ளையில் ஃபோர்காதா. அதன் பிறகு சட்டம். அரசின் பதிவேட்டில் ரகம் ஏற வேண்டும். வட்டார ஒயின் மன்றமும் ஏற்க வேண்டும். அதுவரை வட்டாரப் பெயரைப் புட்டியின் சீட்டில் போட முடியாது. ரியோஹா என்ற ஒயின் வட்டாரத்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988 முதல் சேகரித்த மதுரானா திந்தா, மதுரானா பிளாங்கா போன்றவற்றுக்கு 2007இல்தான் அனுமதி கிடைத்தது. மதுரானா பிளாங்கா 1622ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்ற பெயர். தன் சொந்த ஊரில் சட்டப்படி விளைய அதற்கு இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பழைய தராசு இப்போது தலைகீழாகிவிட்டது. வெயில் கூடக் கூடத் திராட்சையில் சர்க்கரை விரைந்து ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. ஒயின் காட்டமாகவும் களைத்துப் போனதாகவும் ஆகிறது. பழுக்கவே மாட்டேன் என்கிறது, புளிப்பு போகவே இல்லை என்று தாத்தாக்கள் ஒதுக்கிய ரகங்களுக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. வெயில் காலத்திலும் புளிப்பை விடாமல் பிடித்துக்கொள்வதற்காகவே ஃபோர்காதா தேர்வானது. வாலென்சியாவின் உட்பகுதியில், மோய்ஷெந்த் ஊரில், செயேர் தெல் ரோரே என்ற ஒயின் பண்ணை மாந்தோ ரகத்தை மீட்டது. கத்தலோனியாவின் கர்ரோவும் இதுவும் ஒன்றே. கருமையும் காட்டமுமே விலைபோன நாளில் அதன் வெளிர்சிவப்பும் மென்மையும் குறையாகத் தெரிந்தன. அந்தப் பண்ணையின் நிலத்தடிக் கூடத்தில், தரையில் கழுத்துவரை புதைத்த பெரிய மண்சாடிகள் வரிசையாக இருக்கின்றன. மர வாசம் ஏறாத அந்தச் சாடிகளில் மாந்தோ நொதித்து அமைதியடைகிறது. அதில் புளிப்புச் செர்ரியின் வாடையும் காட்டுப் பச்சிலையின் மெல்லிய கசப்பும் தெளிவாக நிற்கும். உணவோடு குடிக்க ஏற்ற, உடம்பு இலேசான ஒயின்.

தேடுகிறவர்கள் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே தோட்டங்களைச் சுற்றுகிறார்கள். இலை உதிர்ந்துவிட்டால் கவாத்துக்குக் காத்திருக்கும் கொடிகள் எல்லாம் ஒரே மொட்டைக் கட்டைகள். எது எது என்று தெரியாது. குளிர்காலத்தில் வெட்டிய குச்சிகளை ரியோஹாவில் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைப்பார்கள். அவற்றை எரித்த தழலில் ஆட்டு விலா சுடுவது அங்கே விருந்து. ஆகவே இலையும் குலையும் இருக்கும்போதே, சந்தேகப்பட்ட கொடியின் தண்டில் நிறநாடா ஒன்றைக் கட்டிவிட்டு, இதன் குச்சியை மட்டும் அடுப்புக்கு எடுக்க வேண்டாம், வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.