கடல் கொண்டதும் மனிதன் விட்டதும்

தனுஷ்கோடி இரயில் நிலையத்தைக் காணச் செல்வோர் அங்கே நிலையத்தைக் காண்பதில்லை. இடிந்து நிற்கும் சில சுவர்கள், மணல், மணலுக்கு அப்பால் இருபுறமும் கடல். சிப்பி மாலை விற்கும் சிறுகடைகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் கப்பலுக்கும் இரயிலுக்கும் உறவு முடித்த ஊரின் எலும்புக்கூடு கிடக்கிறது.

நாம் சென்றிருந்தபோது உடன் வந்த பெரியவர் ஒருவர், அச்சுவர்களை நெடுநேரம் நோக்கிவிட்டு, "எல்லாம் விதி, தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் உள்ளம் ஆறியது. நம் உள்ளம் ஆறவில்லை. விதி என்பது விடையா? அல்லது கேள்வியை எழவிடாமல் வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் காவற்காரனா?

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் வண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடல் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டி ஏறிக் கொழும்பு சேர்ந்தார். 'போட் மெயில்' என்று மக்கள் அதனை அழைத்தனர். வணிகர் சென்றனர், வழிபடுவோர் வந்தனர், உண்மைதான். ஆனால் தோட்டத் துரைமார்களின் தேயிலைக்கும் ரப்பருக்கும் தேவைப்பட்ட கைகளும் அவ்வழியேதான் சென்றன. மண்டபம் முகாமில் நிறுத்தி, நோயுண்டா என்று சோதித்து, தலைகளை எண்ணி அனுப்பினர். வறுமை விரட்ட ஊரைவிட்டுப் போன அந்த ஏழைக்கும் இதே விதியைத்தான் ஆறுதலாகக் கூறினர்!

1964 அக்டோபர் 30. அந்த ஏழைகளின் பிள்ளைகளையும் பேரர்களையும் இரண்டு அரசுகள் பங்கு பிரித்துக் கொண்ட நாள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஏறத்தாழ 1,50,000 பேர் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். தலையெழுத்தல்ல, கையெழுத்து! எவர் எழுதினர், எந்நாளில் எழுதினர் என்று நாம் சுட்டிக் காட்டக்கூடிய கையெழுத்து.

இரண்டு திங்கள் நிறைவதற்குள் புயல் வந்தது. டிசம்பர் 17 அளவில் தென் அந்தமான் கடலில் கருக்கொண்டு, இலங்கையைக் கடந்து, 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி நிலையத்தை நெருங்கிற்று. கைகாட்டியில் விளக்கு இல்லை. காத்து நின்ற ஓட்டுநர், நீண்ட ஊதல் ஒலியெழுப்பி வண்டியை மெல்ல நகர்த்தினார் என்பது இன்றுவரை சொல்லப்படும் செய்தி. மலைபோல் எழுந்த அலை ஆறு பெட்டிகளையும் விழுங்கியது. நாம் அந்த ஓட்டுநரைக் குற்றஞ்சாட்டவில்லை. இருளில், அறிவிப்பின்றி, பின்னே மழையும் முன்னே கடலுமாக நின்ற மனிதர் அவர்.

காற்றையும் நாம் குற்றஞ்சாட்டவில்லை. காற்றுக்கு எண்ணமில்லை, எனவே பாவமும் இல்லை. ஆனால் அதே வங்கக் கடலில் 1999-இல் எழுந்த பெரும்புயல் ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டு சென்றது. 2013-இல் அதே கரையைத் தாக்கிய 'பைலின்' புயலில் இறந்தோர் சில பத்துகளே. இடையில் கடல் இரக்கம் கற்றுக் கொண்டதா? இல்லை. முன்கூட்டியே அறிந்தார்கள்; அறிந்ததை அறிவித்தார்கள்; புகலிடங்கள் கட்டியிருந்தார்கள்; ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களை அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் விதி மாறவில்லை, வேலை நடந்தது. அப்படியாயின் அதற்கு முன்பு இறந்தவர்களை விதியின் கணக்கில் எழுதுவது எவ்வளவு வசதியான கணக்கு!

இன்னொன்றும் காண்க. அதே இரவில் பாம்பன் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் அது மீண்டும் எழுந்தது. தனுஷ்கோடித் தண்டவாளமோ எழவேயில்லை. பாலத்திற்கு நல்விதியும் நிலையத்திற்குத் தீவிதியும் எழுதியது எந்தக் கை? மணல்திட்டின்மேல் மீண்டும் நிலையம் கட்டாதது அறிவுடைய முடிவு என்றே நாம் கருதுகிறோம். 2019-இல் அப்பாதையை மீண்டும் அமைக்க அடிக்கல் நாட்டிய பேச்சு எழுந்தபோதும் நமக்கு அதில் பெருமகிழ்ச்சி இல்லை. ஆனால் அது முடிவு. மனிதர் எடுத்த முடிவு. முடிவெடுத்தோர்க்குக் கடமையும் உண்டு. வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த ஊருக்கு வலையோடு திரும்பி வந்த மீனவர், பல்லாண்டுகள் மின்விளக்கின்றி ஓலைக் குடிசையில் வாழ்ந்தனர். நிலத்துக்குத் தகுதியில்லை என்றவர்கள், அந்த மனிதருக்குத் தகுந்த நிலம் எது என்று கூற வேண்டாமா?

வண்டியில் மாண்டோர் 115 என்பது பலரும் கூறும் எண். சீட்டு வாங்காமல் ஏறியோரும் இருந்தனர், எனவே தொகை அதனினும் மிகும் என்போரும் உளர். சீட்டில்லாதவன் பிணமாகக்கூட ஏட்டில் ஏறுவதில்லை போலும்.

இவற்றையெல்லாம் அன்று மாலை அந்தப் பெரியவரிடம் எடுத்துரைத்தோம். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை. பேருந்து வரும்வரை மணலைப் பார்த்தபடி நின்றார். பின்பு, "அந்தக் கைகாட்டி எந்தப் பக்கம் நின்றிருக்கும், தம்பி?" என்று கேட்டுவிட்டு, பாதை இருந்த திசையில் நடக்கத் தொடங்கினார்.