ஜி.எம். வரை ஒரு வழி, அதற்கு மேல் வேறு வழி

அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளை அந்த ஊர்க்காரர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் ராம்கோ, ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், தாமரைக்குளத்தில் டால்மியா, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ், நகரை ஒட்டி 1979இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனமான டான்செம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இத்தனைக்கும் மூலதனம். ஒரு துறையில் கெட்டிக்காரராகப் பெயர் எடுத்தவர் ஆலை முழுவதற்கும் தலைவராகும்போது அவர் வேலையில் என்ன மாறுகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம். ஒரு சிமென்ட் ஆலைக்குள் ஐந்தாறு தொழில்கள் அருகருகே நடக்கின்றன.

முதலில் மைன்ஸ். அங்கே இருப்பவருக்குக் கல்லின் தரம் இடத்துக்கு இடம் மாறும் என்பது தெரியும். மட்டமான கல்லையும் நல்ல கல்லோடு கலந்து அனுப்பினால்தான் சுரங்கம் நீண்ட நாள் வரும் என்பார். தரக்கட்டுப்பாட்டுக்காரர் அதை ஏற்க மாட்டார். புராசஸ் ஆட்கள் கல்லைச் சுடும் உலையான கில்னை 1,450 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓட்டுகிறார்கள். அதிலிருந்து வரும், சிமென்டாக அரைபட வேண்டிய கிளிங்கரில் வேகாத சுண்ணாம்பு தங்கிவிட்டால் பிறகு கட்டடம் விரிசல் விடும். அதற்குப் பயந்து கூடுதலாக எரித்தால் நிலக்கரிச் செலவு ஏறும். மெக்கானிக்கல் தலைவர், உள்ளே பதித்த தீச்செங்கல் தேய்ந்துவிட்டது, ஷட்டவுன் வேண்டும் என்று கேட்பார். மார்ச் மாதம் நெருங்கும்போது விற்பனைப் பிரிவு ஒரு நாள்கூட நிறுத்த விடாது. கிளிங்கரைக் குவித்து வைத்தால் பணம் முடங்குகிறது என்று நிதிப் பிரிவு கணக்குக் காட்டும்.

இவர்களில் யாரும் தவறாகப் பேசவில்லை. சிக்கலே அதுதான். துறைத் தலைவராக இருக்கும்வரை, சரியான விடை ஒன்று எங்கோ இருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று ஒருவர் நம்பலாம். யூனிட் ஹெட், அதாவது ஆலைத் தலைவர், ஆனதும் ஐந்து சரியான விடைகள் மேசைக்கு வரும். ஷட்டவுனைப் பத்து நாள் தள்ளிப்போடுவதால் வரும் விற்பனையையும், தீச்செங்கல் பெயர்ந்து விழுந்து கில்ன் தானாக நின்றால் ஆகும் சேதத்தையும் ஒரே தராசில் வைத்து, முழு விவரம் கைக்கு வரும் முன்பே அவர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோற்ற துறைத் தலைவர் மறுநாள் முழு மனதோடு வேலைக்கு வரும்படியும் சொல்ல வேண்டும். ராம் சரண் மற்ற இருவரோடு சேர்ந்து 2001இல் எழுதிய ‘தி லீடர்ஷிப் பைப்லைன்’ நூல், பணி உயர்வை ஆறு கட்டங்களாகப் பிரிக்கிறது. துறையிலிருந்து முழுத் தொழிலுக்குப் போவது அதில் நான்காவது. முதல் மூன்றில் தெரிந்த வேலையே பெரிதாகிக்கொண்டு போகிறது. நான்காவதில் தெரியாத வேலைகள் அத்தனையும் தலையில் வந்து இறங்குகின்றன.

இடறும் இடம் பெரும்பாலும் பழைய துறைதான். கில்ன் ஓட்டி வளர்ந்தவர் தலைவரான பிறகும் ராத்திரி சி.சி.ஆர். எனும் மையக் கட்டுப்பாட்டு அறைப் பக்கம் போய்த் திரையைப் பார்ப்பார். அங்கே அவருக்கு எல்லாம் புரிகிறது, எல்லோரும் மதிக்கிறார்கள். ஆனால் அவர் இடத்துக்கு வந்த புதிய புராசஸ் தலைவர் முடிவெடுப்பதையே விட்டுவிடுகிறார். விற்பனைப் பிரிவு, தலைவர் எப்படியும் உற்பத்திப் பக்கம்தான் சாய்வார் என்று சொல்லத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் சோறு போட்ட திறமையை மூட்டை கட்டி வைக்கச் சொல்வது சின்ன விஷயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதிர்த் திசையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ராம்கோ சிமென்ட்ஸின் ஏ.வி. தர்மகிருஷ்ணன் பட்டயக் கணக்காளர். அந்நிறுவனத்தின் நிதிப் பிரிவில் செயல் இயக்குநராக இருந்து தலைமைச் செயல் அதிகாரி ஆனவர். கணக்கிலிருந்து வருபவர் கில்ன் ஆப்பரேட்டரைத் திருத்த முடியாது, அந்த ஆசையும் எழாது. அது ஒருவகையில் நல்லது. அவருக்குத் தேவையானது, தனக்குத் தெரியாத துறையின் தலைவர் சொல்வதை எடைபோடும் பழக்கம்: இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும், எப்போது ஆகும், போன முறை நீங்கள் சொன்னது நடந்ததா என்ற மூன்று கேள்விகளை விடாமல் கேட்பது.

இதெல்லாம் கேட்டுக்கு உள்ளே. கேட்டுக்கு வெளியே இருப்பதைத் துறைத் தலைவர் அநேகமாகப் பார்த்ததே இருக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி, விபத்து, பள்ளி நேரத்தில் அவை ஓடக் கூடாது என்ற கோரிக்கை, நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கலெக்டர் அலுவலகக் கூட்டம். சட்டமும் ஆளைத் தேடி வரும். போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, கம்பெனி நடத்தும் ஆலைக்கு ஓர் இயக்குநரே ‘ஆக்குபையர்’, அதாவது சட்டப்படி பொறுப்பாளர், என்று வைத்தார்கள். கீழே ஓர் அதிகாரியின் பெயரைப் போட்டுத் தப்பிக்க முடியாது என்பதை 1996இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அரசு நிறுவனங்களில் பாதை தலைகீழ். டான்செமின் நிர்வாக இயக்குநர் நாற்காலியில் வழக்கமாக ஐ.ஏ.எஸ். அதிகாரி உட்காருகிறார். சப் கலெக்டராக இருந்த காலத்திலேயே நிலம், தேர்தல், வெள்ளம், சாதிச் சண்டை எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாகப் பதில் சொல்லிப் பழகியவர். கேட்டுக்கு வெளியே நடப்பது அவருக்குப் பாலபாடம். ஆனால் கில்னின் சத்தம் பிடிபடும் நேரத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் உள்ள பொதுத்துறைச் சர்க்கரை ஆலையை எடுத்துக்கொண்டாலும் துறைகள் மோதும் கதை சிமென்ட் ஆலை மாதிரியேதான். கரும்புப் பிரிவுக்கு எல்லா விவசாயிக்கும் காலத்தில் கட்டிங் ஆர்டர் கொடுத்தாக வேண்டும். ரசாயனப் பிரிவுக்குச் சர்க்கரைக் கட்டுமானம் குறையக் கூடாது. பொறியியல் பிரிவுக்கு அரவை நிற்கக் கூடாது. கரும்பு வெயிலில் காயும்போது மூன்றும் ஒன்றுக்கொன்று இடிக்கும், தலைமை நிர்வாகி நடுவில் நிற்பார்.

என் கணக்கில், கில்னிலிருந்து உயர்ந்தாலும் நிதிப் பிரிவிலிருந்து உயர்ந்தாலும் குறை ஒன்றே: பழக்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஐம்பது வயதில், உயர்வு வந்த அன்று, முழு ஆலையையும் முதன்முறையாகப் பார்க்கச் சொல்வது நியாயமே இல்லை. நிறுவனங்கள் இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள், நல்ல சாப்பாடு. அதில் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோவிந்தபுரத்திலோ, நாரணமங்கலம் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையிலோ முப்பத்தைந்து வயதில் ஒரு பிரிவை நடத்திக்கொண்டிருப்பவர் இதைப் படித்தால், ஒன்று செய்யுங்கள். அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் சம்பளத்தோடு சேர்த்து, பர்சேஸிலோ லாஜிஸ்டிக்ஸிலோ இரண்டு வருடம் வேலை பார்க்க இடம் கேளுங்கள். பதவி உயர்வு கொஞ்சம் தள்ளிப்போகலாம். பரவாயில்லை, கேளுங்கள்.